நோயாளி இழுக்கும் காற்றை யார் அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வாடைக்காலம் தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்தின் காற்றுத் தரச் சுட்டெண் பற்றித் தங்கள் பத்திரிகை தவறாமல் செய்தி வெளியிடுகிறது. அது நல்ல வழக்கம். ஆயினும் அச்செய்திகளின் முடிவில் வரும் ‘சுவாச நோயுள்ளவர்கள் யன்னல்களை மூடி வீட்டினுள்ளேயே இருக்கவும்’ என்ற வரி பற்றிச் சில விடயங்களை எழுத விரும்புகிறேன். அந்த வரியை அப்படியே நம்பி நடந்து, ஓர் இரவு முழுவதையும் வைத்தியசாலையில் கழித்த குடும்பத்தைச் சேர்ந்தவன் நான்.

என் மூத்த சகோதரிக்கு வயது 71. வாழ்நாளில் ஒரு சுருட்டைக்கூடத் தொட்டறியாதவர். ஆனால் பதின்மூன்று பதினான்கு வயதில் குசினிக்குள் நுழைந்தவர், பனைமட்டை, ஊமல், பொச்சு, தென்னம்பாளை என்று அந்தந்தக் காலத்தில் கிடைத்ததை எரித்து, ஊதுகுழலோடு அடுப்பின் முன் குந்தியிருந்தே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சமைத்திருக்கிறார். எரிவாயு வந்த பிறகும் விறகடுப்பு எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மாதங்களில் அது மறுபடியும் முழுநேர அடுப்பாகவே மாறியது. ஊரில் எல்லோரும் ‘தொய்வு’ என்று சொல்லிவந்த அவரது வருத்தத்திற்கு, குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெற்றிப் பரிசோதனைக்குப் பின், நாட்பட்ட சுவாசத் தடை நோய் என்று பெயர் எழுதினார்கள். அன்று கிளினிக்கில் அவரிடம் கேட்கப்பட்டது ஒரேயொரு கேள்விதான்: புகைக்கும் பழக்கம் உண்டா? இல்லை என்றார். அடுப்பைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கேட்காததை அவரும் சொல்லவில்லை.

கடந்த மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. காற்றின் தரம் மோசமடைந்துள்ளதாகக் காலையிலேயே கைபேசியில் செய்தி வந்திருந்தது. “தம்பி, வெளியில காத்து கெட்டுப்போச்சாம், யன்னலைச் சாத்திவிடு” என்று அக்காவே சொன்னார். ஐந்து மணிக்கே எல்லா யன்னல்களையும் சாத்தினோம். வெள்ளிக்கிழமை என்பதால் ஆறு மணிக்குச் சாம்பிராணி காட்டினோம். மழை விட்ட நாள், நுளம்பு அதிகம். அவருடைய கட்டிலின் கீழ் நுளம்புச்சுருள் ஒன்றைக் கொளுத்தி வைத்தோம். எரிவாயு அன்று பார்த்து முடிந்துபோயிருந்ததால் இரவுப் புட்டு விறகடுப்பில், அதுவும் தாவாரத்தில் நனைந்திருந்த விறகில், அவிந்தது. ஒன்பதரை மணியளவில் அக்காவால் ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க இயலவில்லை. நீல நிற இன்ஹேலரை அடுத்தடுத்து அடித்தும் முட்டு இறங்காததால் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். நெபுலைசரும் ஒட்சிசனும் கொடுத்து மறுநாள் மாலை வீட்டிற்கு அனுப்பினார்கள். ‘காற்று மாசினால் வந்தது’ என்று விடுதியில் சொன்னார்கள். எந்தக் காற்றின் மாசு என்பதுதான் அன்றிலிருந்து என்னைக் குடையும் கேள்வி.

யாழ்ப்பாணத்து வீடுகளின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இது புதிராக இராது. ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் இடையே கைநுழையும் இடைவெளி. கதவு யன்னல்களுக்கு மேலே காற்றுத் துவாரங்கள். யன்னலைச் சாத்துவதால் வெளியிலிருக்கும் நுண்துகள் உள்ளே வராமல் நின்றுவிடாது. விட்டம் 2.5 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த துகள், அதாவது தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்களவோ அதனிலும் சிறியதோ ஆன துகள், மெல்லிய கசிவுக் காற்றோடும் உள்ளே வந்துவிடும். ஆனால் உள்ளே எரிந்ததன் புகை வெளியேறுவதற்கு யன்னல்தான் பெரிய வழி. அந்த வழியைத்தான் நாங்கள் அன்று அடைத்தோம். சாதாரண நுளம்புச்சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வெளிவரும் அளவுக்குச் சமம் என்று சீன, மலேசியச் சுருள்களை வைத்துச் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அதை வாசித்த பிறகே கட்டிலின் கீழ் நான் வைத்தது என்ன என்பது எனக்குப் புரிந்தது.

இதனால் வெளிக்காற்றுக் குற்றமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 2022 டிசெம்பரில், ‘மாண்டஸ்’ புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்களில், இந்தியப் பெருநிலப்பரப்பிலிருந்து வந்த மாசுக்காற்று தீவு முழுவதையும் மூடியதும், டிசெம்பர் 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அத்தகைய நாளில் கம்பத்தில் பொருத்திய கருவி சொல்வதும் நோயாளி இழுப்பதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் ஆண்டின் மற்ற நாட்களில்? தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் காலத்தில் வீதிப் புழுதி, காலையில் முற்றம் கூட்டிச் சருகைக் குவித்துக் கொளுத்தும் புகை, அந்தச் சருகோடு சேர்ந்து எரியும் பொலித்தீன், மாட்டுக்கொட்டிலில் நுளம்புக்குப் போடும் மூட்டம், புகையிலைக்குப் புகையூட்டும் குடில், சந்தியில் முன்னே நிற்கும் பேருந்தின் கரும்புகை. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொருவரின் மூக்கிற்கு ஒவ்வொரு நேரத்தில், ஒவ்வொரு தூரத்தில் வருபவை. நகரத்தில் எங்கோ ஓரிடத்தில் நிற்கும் கருவி இவற்றின் பொதுவான சாயலைச் சொல்லுமே தவிர, கோண்டாவிலில் ஒரு குசினியில் ஒரு பெண் இழுத்த மூச்சைச் சொல்லாது.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றில் நுண்துகள் நாள் முழுவதும் கனமீற்றருக்கு 30 மைக்ரோகிராம். இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமம் 24 மணிநேரச் சராசரிக்கு 50 வரை அனுமதிப்பதால், அதன்படி அது பழுதில்லாத நாள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டலின்படியோ 15ஐத் தாண்டிய நாள். அதே நாளில் ஒருவர் மூன்று மணித்தியாலம் புகை நிறைந்த அடுப்படியில், கனமீற்றருக்கு 400 மைக்ரோகிராம் உள்ள காற்றில் நிற்கிறார். மிகுதி 21 மணித்தியாலம் 30தான். பெருக்கிக் கூட்டி 24ஆல் வகுத்தால் அவருடைய நாட்சராசரி 76. பத்திரிகையில் 30 என்று வரும். அவருடைய நுரையீரலுக்கு 76 போயிருக்கும். கணவர் அதே வீட்டில் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்திருந்தால் அவருக்கு இன்னோர் எண். ஒரே கூரை, ஒரே முகவரி, இரண்டு காற்று.

இந்த வேறுபாட்டை அறிவியல் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. 1990இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ரிவர்சைட் நகரில் 178 பேரின் உடலில் மாதிரி எடுக்கும் கருவியை மாட்டிப் பார்த்தபோது, பகல் வேளையில் அவர்கள் சுவாசித்த பி.எம். 10 துகளின், அதாவது விட்டம் 10 மைக்ரோமீற்றர் வரையான துகளின், சராசரி கனமீற்றருக்கு 150 மைக்ரோகிராம். அவர்களின் வீட்டினுள்ளும் வீட்டிற்கு வெளியிலும் வைத்த கருவிகள் காட்டியதோ 95. நாம் நடக்கும்போதும் கூட்டும்போதும் சமைக்கும்போதும் நம்மைச் சுற்றி நாமே கிளப்பும் துகளை அதன் பிறகு ‘ஆள் சார்ந்த முகில்’ என்ற பொருளில் அழைக்கத் தொடங்கினார்கள்.

சுவாச நோயாளிகளிடமே அளந்தவற்றில், ஓர் இரசாயனவியல் ஆசிரியன் என்ற வகையில் என்னை மிகவும் கவர்ந்தது கனடாவின் வான்கூவர் நகர ஆய்வு. 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் பங்குபற்றியவர்கள் என் சகோதரிக்கு உள்ள அதே நோயுள்ள, புகைக்காத 16 பேர் மட்டுமே. அவர்கள் இழுத்த மொத்த நுண்துகள் வெளிக்காற்றின் அளவைவிடக் கூடுதலாக இருந்ததோடு, வெளிக்காற்று ஏறும்போது ஏறி இறங்கும்போது இறங்குவதிலும் அவ்வளவு ஒழுங்காக இருக்கவில்லை. ஆனால் அவர்கள் அணிந்த கருவியின் வடிதாளில் படிந்ததில் சல்பேற்றை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, அது வெளிக்காற்றை நிழல்போலப் பின்தொடர்ந்தது. வீட்டினுள்ளே சல்பேற்று உண்டாவதற்கு அநேகமாக வழியில்லை என்பதால், நோயாளியின் சட்டையில் கிடைத்த சல்பேற்று வெளியிலிருந்து வந்த துகளுக்குச் சாட்சி. அதைக்கொண்டு வெளித்துகளைக் கணக்கிட்டுக் கழித்தால், மிகுதி பெரும்பாலும் வீட்டுக்குரியது. ‘எந்தக் காற்றின் மாசு’ என்ற என் கேள்விக்கு விடை காணும் முறை கால் நூற்றாண்டுக்கு முன்பே இருந்திருக்கிறது.

பின்னர் இலண்டனில் இதே நோயுள்ள 115 பேரிடம் கையடக்கக் கருவிகளைக் கொடுத்து, சராசரியாக 128 நாட்கள் தொடர்ச்சியாக அளந்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். துகளோடு காபனோரொட்சைட்டு, ஓசோன், எரிதலில் உண்டாகும் வாயுவான நைதரசனீரொட்சைட்டு, வெப்பநிலை ஆகியனவும் பதிவாகின. நோயாளிகள் ஒவ்வொரு நாளும் தமது அறிகுறிகளைக் குறித்து வைத்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் தாமே சுவாசித்த நைதரசனீரொட்சைட்டுக்கும் நோய் கடுமையாவதற்கும் இடையே தொடர்பு தெரிந்தது. இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது முடிவைவிட முறைதான்: 128 நாள் ஒரு நோயாளியோடு கூடவே நடந்த கருவி, அவர் எந்த நாளில் எதை இழுத்தார், எந்த நாளில் படுக்கையில் விழுந்தார் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது.

‘அது இலண்டன், இது யாழ்ப்பாணம்’ என்று சொல்பவர்களுக்காகப் பாக்கு நீரிணையின் அக்கரையைக் காட்டுகிறேன். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் கர்ப்பிணிப் பெண்களின் விறகடுப்பை எரிவாயு அடுப்பாக மாற்றிச் செய்யப்பட்ட பெரிய பரிசோதனையில் இந்தியாவுக்குரிய களங்கள் தமிழ்நாட்டின் விழுப்புரமும் நாகபட்டினமும். அங்கே கிராமத்துப் பெண்கள் கருவி வைத்துத் தைத்த மேலுடுப்பை 24 மணித்தியாலம் அணிந்தும் அருகில் வைத்தும் தங்கள் காற்றை அளக்க உதவினார்கள். நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது விறகடுப்புக்காரர்கள் இழுத்த நுண்துகளின் இடைநிலை அளவு ஏறத்தாழ 70 மைக்ரோகிராம். எரிவாயுவுக்கு மாறியவர்களில் அது ஏறத்தாழ 24. இத்தனை குறைந்தும் பிறந்த குழந்தைகளின் நிறையில் எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு 2022இல் ஒளிக்காமல் சொன்னது. அளந்ததால்தான் அதுவும் தெரிந்தது. நாகபட்டினத்துப் பெண்ணால் அணிய முடிந்ததை நல்லூர்ப் பெண்ணாலும் அணிய முடியும்.

அளப்பது எளிது என்று நான் சொல்லமாட்டேன். பழைய, நம்பகமான முறை இது: இடுப்பில் ஒரு சிறு பம்பி, அதிலிருந்து கழுத்துப்பட்டி வரை ஒரு குழாய், குழாயின் நுனி மூக்கிலிருந்து ஓரடி தூரத்துக்குள் இருக்கவேண்டும், பெரிய துகளைத் தடுத்து நுண்துகளை மட்டும் விடும் வாயில், அதற்குப் பின்னே முன்கூட்டியே நிறுத்து வைத்த வடிதாள். நிமிடத்துக்கு 2 லீற்றர் இழுத்தால் ஒரு நாளில் 2,880 லீற்றர், அதாவது 2.88 கனமீற்றர் காற்று அந்தத் தாளினூடாகப் போகும். சராசரி 50 மைக்ரோகிராம் என்றால் தாளில் சேர்வது 144 மைக்ரோகிராம், ஒரு மில்லிகிராமில் ஏழில் ஒரு பங்கு. நான் முப்பது ஆண்டுகள் படிப்பித்த ஆய்வுகூடத்தின் தராசு ஒரு மில்லிகிராமையே சந்தேகத்தோடுதான் காட்டும். இதற்கு மைக்ரோகிராம் காட்டும் நுண்தராசும், ஈரப்பதனும் வெப்பமும் மாறாத ஓர் அறையும் வேண்டும். கைரேகையின் எண்ணெய்ப் பசை பட்டாலே கணக்குப் பிழைத்துவிடும்.

அதனால்தான் எல்லோரும் ஒளிச்சிதறலால் துகளை எண்ணும் சிறிய மின்னணுக் கருவிகளை நாடுகிறார்கள். ரொறன்ரோவிலுள்ள மருமகன் ஒருவன் சென்ற மாசியில் வந்தபோது அத்தகைய ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். எட்டு நாட்கள் அதை அக்காவின் பக்கத்திலேயே வைத்து, மணிக்கொரு தடவை கொப்பியில் குறித்தேன். நுளம்புச்சுருளுக்கும் விறகடுப்புக்கும் எண் துள்ளி ஏறியது, அதை எதிர்பார்த்தேன். ஆனால் ஆறாம் நாள், எரிவாயு அடுப்பில் அவிந்த புட்டுப் பானையின் மூடியைத் திறந்ததும், புகையே இல்லாத அந்தக் குசினியில் எண் விறகடுப்பு நாளைப்போலவே ஏறியது. பாவம், அதற்கு நீராவித் துளியும் புகைத் துகளும் ஒன்றுதான்; இரண்டும் ஒளியைச் சிதறடிக்கும். ஈரப்பதன் கூடும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, இல்லாத மாசை இருப்பதாகக் காட்டும் குறை இவ்வகைக் கருவிகளுக்குப் பொதுவானது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த குடாநாட்டில், உப்புக் கலந்த காற்றில், மார்கழி விடியற்காலையில் அது எந்த அளவுக்குப் பிழைக்கும் என்பதை இங்கேயே, நம்பகமான ஒரு கருவிக்குப் பக்கத்தில் மாரியிலும் கோடையிலும் சில வாரங்கள் வைத்துப் பார்த்துத்தான் திருத்த முடியும். அந்தத் திருத்தம் செய்யப்படாததால் என் கொப்பியிலுள்ள எண்களை இங்கே எழுதாமல் விடுகிறேன். முகநூலில் தங்கள் வீட்டுக் கருவியின் திரையைப் படம்பிடித்துப் போட்டு ஊரையே கலவரப்படுத்துபவர்களும் அப்படிச் செய்தால் நல்லது. வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் உதவ விரும்பினால் இன்னும் பத்துக் கருவிகளை அனுப்புவதைவிட, உள்ளவற்றைச் சரிபார்க்கும் செலவை ஏற்பது மேல்.

நைதரசனீரொட்சைட்டுக்கு இந்த வில்லங்கம் குறைவு. 1976இல் பாமெஸ் என்ற விஞ்ஞானி அறிமுகப்படுத்திய சிறுவிரல் அளவுக் குழாய்க்கு மின்சாரமும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். ஒரு முனையில் திரைஎதனோலமீன் பூசிய வலை, மறுமுனை திறந்தபடி. வாயு தானாகப் பரவிச் சென்று அங்கே பிடிபடும். பிறகு நிறமாற்றத் தாக்கம் ஒன்றால் அளவைக் கண்டுகொள்ளலாம். உயர்தர மாணவர்களுக்கும் விளங்கக்கூடிய இரசாயனம்.

கருவி எதுவாயினும் அதை அணிபவர் மனிதர் என்பதைத் திட்டமிடுபவர்கள் மறந்துவிடக்கூடாது. பம்பி இரைந்தால் இரவில் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுப்பார்கள்; கருவி அன்றிரவு ஆணியின் காற்றை அளக்கும். அதற்காகத்தான் கருவிக்குள் அசைவை உணரும் பாகமும் வைக்கிறார்கள். கிணற்றடியில் கழற்றவேண்டும். நல்லூர்க் கோயிலில் ஆண்கள் மேற்சட்டையோடு உள்ளே போகமுடியாது. சட்டைக் கழுத்தில் கொளுவிய கருவியைச் செருப்போடு வெளியில் விட்டுப் போனால், கற்பூரமும் சாம்பிராணியும் கமழும் அந்த அரைமணி நேரம் கணக்கில் வராமலே போய்விடும். இடத்தைப் பதியும் ஜி.பி.எஸ். வசதியுள்ள கருவி என்றால் இன்னொரு சிக்கல். யார் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனார் என்ற விபரம் வேறு கைகளுக்குப் போகக்கூடாது என்ற அச்சம், நாம் கடந்துவந்த காலங்களை அறிந்தவர்களுக்கு, வீண் அச்சமல்ல. சம்மதம் தமிழில், வாசித்துக் காட்டி, பெறப்படவேண்டும். தரவு எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று முதலிலேயே சொல்லப்படவேண்டும்.

காற்றை மட்டும் அளந்து பயனில்லை. இலண்டனில் செய்தது போல நோயாளியின் நாளையும் குறிக்கவேண்டும். இரவில் எத்தனை முறை எழுந்தார், நீல இன்ஹேலர் எத்தனை தடவை, சளியின் நிறம் மாறியதா, கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையே எங்கே நின்று மூச்சு வாங்கினார், மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் ஊதுமானி காலையில் எவ்வளவு காட்டியது. கிளினிக் கொப்பியில் மருந்தின் பெயரும் அடுத்த திகதியும் மட்டுமே இருக்கின்றன, இவற்றுக்கு இடமில்லை. புகையை இழுத்த நாளிலேயே நோய் கூடும் என்றும் இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்துக் கூடினால், நோயாளி அந்த நாளில் சாப்பிட்ட தயிரையோ குளித்த குளிப்பையோ குற்றம் சொல்வார். எங்கள் அக்காவின் கணக்கில் இன்றுவரை தயிரும் தோடம்பழமும்தான் குற்றவாளிகள்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லவேண்டும். நோயாளியின் தனிப்பட்ட காற்றை அளந்தால், ‘பார்த்தீர்களா, பிழை உங்கள் அடுப்பில்தான்’ என்று சொல்லிக் கைகழுவ விரும்புபவர்களுக்கு வசதியாகிவிடும். எங்கள் ஒழுங்கையின் முடக்கில் குவியும் குப்பை வாரத்தில் இரண்டு நாளாவது எரிகிறது. எரிப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும், முறைப்பாடு செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. நனைந்த விறகில் சமைப்பவர் அதை விரும்பிச் சமைக்கவில்லை. சிலிண்டரின் விலை அவரைச் சமைக்க வைக்கிறது. ஆகவே தனிநபர் அளவீடு கம்பத்துக் கருவிக்கு மாற்றாக அல்ல, அதோடு சேர்த்துத்தான் செய்யப்படவேண்டும். எவ்வளவு வெளியிலிருந்து வந்தது, எவ்வளவு வீட்டிலிருந்து வந்தது, எவ்வளவு அடுத்த வளவிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லவேண்டும். வான்கூவரில் 16 பேரை வைத்தே அதில் ஒரு பகுதியைச் சொல்ல முடிந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. எத்தனையோ தொற்றுநோய்களையும் போரையும் பார்த்த பீடம். விஞ்ஞான பீடமும் அதே ஊரில் இருக்கிறது. மார்பு நோய்க் கிளினிக்குகளுக்கு மாதந்தோறும் வரும் நோயாளிகளில் முப்பது நாற்பது பேரை, குடாநாட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து, விறகடுப்புக்காரர், எரிவாயுக்காரர், வீதியோரக் கடைக்காரர், தோட்டக்காரர் என்று கலந்து தெரிவுசெய்து, ஒரு வாடைக்காலமும் ஒரு சோளகக் காலமும் அளப்பது இவர்களுக்கு இயலாத காரியமென்று நான் நினைக்கவில்லை. வடிதாள்ப் பம்பிகள் நாலைந்து இருந்தால் முறைவைத்து மாற்றி அணியலாம். சரிபார்க்கப்பட்ட சிறு கருவிகள் எஞ்சிய நாட்களை நிரப்பும். பெறுபேறு ஆய்விதழுக்குப் போவதற்கு முன் அந்த நாற்பது பேரின் கைக்குப் போகவேண்டும், ‘உங்கள் நாளில் அதிகம் இழுத்தது இந்த மணியில்’ என்று ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில்.

அதுவரை, தங்கள் பத்திரிகையிடம் ஒரு சிறு வேண்டுகோள். சுட்டெண் செய்தியில் யன்னலை மூடச் சொல்லும் நாளில், உள்ளே சுருளும் சாம்பிராணியும் கொளுத்தவேண்டாம், விறகடுப்பு எரியும்போது குசினிக் கதவைத் திறந்தே வையுங்கள், நோயாளியைக் குசினிக்குத் தூரமான அறையில் இருத்துங்கள் என்ற மூன்று வரிகளையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாதென்றால் சுட்டெண்ணின் வண்ணப் படத்தைச் சிறிதாக்கலாம்.

எங்கள் வீட்டில் நுளம்புச்சுருள் போய் நுளம்புவலை வந்திருக்கிறது. விறகைத் தாவாரத்திலிருந்து எடுத்து மாட்டுக்கொட்டிலின் பரணில் அடுக்கியிருக்கிறேன். அடுப்பை விடமாட்டேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நிற்பதால் இதற்கு மேல் என்னால் இயலவில்லை. வரும் வாடைக்கென்று புதுக் கொப்பி ஒன்று வாங்கி, திகதி, இரவில் எழுந்தது, இன்ஹேலர், ஊதுமானி, காற்று என ஐந்து நிரல்கள் கோடிட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் நான்கையும் அவரே தன் கையால் நிரப்பி வருகிறார். ஐந்தாவது நிரலில் என்ன எழுதுவது என்று நேற்றும் கேட்டார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.